எழுதாத புகார்

அந்தக் கதையை மாளவிகா வகுப்பில் உரக்க வாசித்துக்கொண்டிருந்தபோது, மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த பேச்சிக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. பாதிப் பேருக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது. எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டில் 'இலக்கியமும் சமூகமும்' என்று ஒரு தாள். அதற்குப் பாடமாக வைத்திருந்த பத்துக் கதைகளில் இது ஆறாவது. திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள் ஓர் அக்ரகார வீடு, அங்கே பாத்திரம் தேய்க்க வரும் முத்து என்ற பெண், காணாமல் போகும் ஒரு தங்கச் சங்கிலி.

கதையில் முத்து பின்வாசலுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து, பையை மதில்மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். நாய் கவ்விக்கொண்டு போய்விடக் கூடாதே என்று.

பேச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய அம்மா தாசம்மாள் அப்படித்தான் செய்வாள். இன்றைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும், கோயிலுக்குப் போனால்கூட, செருப்பைப் பையில் போட்டு முடிந்து உயரமான இடத்தில்தான் வைப்பாள்.

அடுத்த பக்கத்தில் முத்துவின் இடது முழங்கையில், கொதிக்கிற கஞ்சி கொட்டி வெந்த தழும்பு வந்தது. தாசம்மாளுக்கும் இடது முழங்கைதான். அதற்கடுத்த பக்கத்தில், பள்ளிக்கூடம் விட்டதும் பின்வாசலில் வந்து நின்று அம்மாவுக்காகக் காத்திருக்கும் ஒரு சிறுமி வந்தாள். சிறுமியின் கால்களில் புத்தம்புதுக் கறுப்பு ஷூ.

பேச்சி பெஞ்சுக்கு அடியில் தன் கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

மாளவிகா வாசித்து முடித்தாள். கதையின் முடிவு இதுதான். போலீஸ் ஸ்டேஷனில் பகல் முழுக்க உட்கார வைத்தும் முத்து வாய் திறக்கவில்லை. வீட்டுக்காரர் வீடு திரும்பும்போது பின்வாசலில் நிற்கும் அந்தச் சிறுமியையும் அவள் காலையும் பார்க்கிறார். சங்கிலி எங்கே போயிற்று என்பது அவருக்குப் புரிந்துவிடுகிறது. திரும்பிப் போய், "அவளை விட்டுவிடுங்கள்" என்று சொல்லி அழைத்து வந்துவிடுகிறார்.

"ஷூ ஆக்கும் டீச்சரே எவிடன்ஸ்" என்று பிரஜின் பின்னாலிருந்து சொன்னான். வகுப்பு சிரித்தது.

ஷைலஜா டீச்சரும் சிரித்துவிட்டுத்தான் பேசினார். "திருடினவளைக் குற்றவாளியா நிறுத்தாம, திருட வச்ச சமூகத்தை நிறுத்துது பாருங்க இந்தக் கதை. ஒரு நாற்பது வருஷமா எழுதிட்டு வர்ற ஒரு மனுஷரோட கருணை இதுல தெரியுது. இல்லையா?"

எல்லாரும் தலையசைத்தார்கள். பேச்சியும் அசைத்தாள். அசைக்காமல் இருந்தால் யாராவது கவனித்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

பேச்சிக்கு அப்போது வயது இருபத்துநான்கு. அவள் அப்பா தளவாய் பணகுடிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்குத் திருவனந்தபுரம் வந்தவர். மணக்காட்டில் ஒரு லைன் வீட்டில் குடியேறி, அவள் பத்தாம் வகுப்பு படிக்கும்போது மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். தாசம்மாள் இப்போது தம்பானூரில் ஒரு ஹோட்டலில் காய் நறுக்குகிறாள். அதற்கு முன்பு, பேச்சிக்கு ஏழு வயதாகும்வரை, கோட்டைக்குள் நான்கு வீடுகளில் வேலை பார்த்தாள்.

அந்த ஏழாம் வயதில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டுப் பேச்சி வழக்கம்போலப் பின்வாசலில் போய் நின்றாள். கதவு திறக்கவே இல்லை. நின்று நின்று பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தபோது, பக்கத்து வீட்டில் வேலை செய்த ஒரு பெண் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வீட்டில் விட்டாள். விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா வந்தாள். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். என்ன என்று கேட்டதற்கு, "ஆள் மாறிப் போச்சுட்டி, வேற ஒண்ணுமில்ல" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சே வீட்டில் கிடையாது. ஆனால் கோட்டைக்குள் ஒரு வீட்டிலும் அவளை மறுபடி வேலைக்கு வைக்கவில்லை. லைன் வீட்டுப் பெண்கள் குழாயடியில் சண்டை வந்தால் "போடி சங்கிலிக்காரி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போலீஸ் ஜீப் நிற்கிற பக்கம் தாசம்மாள் நடக்க மாட்டாள். கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது காக்கிச் சட்டை தெரிந்தால் போதும், அந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள். பார்த்துப் பார்த்துப் பேச்சிக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

கதையை எழுதியவர் பெயர் பிச்சுமணி. வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று புத்தகத்தின் பின்னட்டையில் போட்டிருந்தது. படத்தில் இருந்த முகம் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பின்வாசலில் நின்றவள் வீட்டுக்காரர் முகத்தை எங்கே பார்த்திருப்பாள்?

வகுப்பு முடிகிற நேரத்தில் ஷைலஜா டீச்சர் ஒரு செய்தி சொன்னார். மாதக் கடைசியில் இந்தத் தாளுக்காக ஒரு கருத்தரங்கு. பிச்சுமணி சாரே வருகிறார். எண்பது வயதாகிறது, இனி எப்போது கிடைப்பாரோ. "பேச்சி, இந்தக் கதைக்கு நீயே பேப்பர் பண்ணு. உனக்குத்தான் நல்லா பேச வரும்."

"டீச்சர், எனக்கு வேற கதை தரலாமா?"

"எந்தா மோளே, அவர் நேர்ல வர்றாருன்னு பயமா? பாவம் மனுஷன், ஒண்ணும் செய்யமாட்டாரு. இன்டர்னல் மார்க்குக்கும் சேர்த்துத்தான், கேட்டியா?"

அன்று பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜிஜி என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தாள். ஜிஜி பொன்முடி எஸ்டேட்டிலிருந்து வந்து நகரத்தில் ஒரு ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள், பேச்சியிடம் எதையும் மறைக்காதவள். அவளிடம் சொல்லிவிடலாமா என்று இரண்டு தரம் வாயெடுத்தாள் பேச்சி. சொல்ல முடியவில்லை. கதையில் இருப்பது என் அம்மா என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? அப்படியானால் எடுத்தாளா?

அதுதான் அவளைப் போட்டு உலுக்கியது. அம்மாவை யாரோ சந்தேகப்பட்டார்கள், அது பொய் என்று இத்தனை வருஷமும் கேட்காமலே நம்பி வந்திருந்தாள். ஆனால் அந்த ஷூ நிஜம். இரண்டாம் வகுப்பு தொடங்கிய ஜூன் மாதம், அட்டைப்பெட்டியில், காகிதம் சுற்றி, கால் அளவெடுத்ததுபோல வந்த ஷூ. அதற்கு முன்போ பின்போ அப்படி ஒன்று அவளுக்கு வாய்த்ததே இல்லை. அந்த ஜூனில் மழை விடாமல் பெய்து, அப்பா வேலையில்லாமல் வீட்டில்தான் கிடந்தார். பிறகு ஷூ எங்கிருந்து வந்தது? ஏழு வயதில் அவள் கேட்கவில்லை. இப்போது கேட்கப் பயந்தாள்.

பதினைந்து நாள் அப்படியே போயிற்று. கட்டுரையை எழுதினாள். ஒன்பது பக்கம். வறுமை, குற்றம், நடுத்தர வர்க்கத்தின் மனசாட்சி என்று புத்தகங்களில் இருந்த சொற்களையெல்லாம் கோத்து, அம்மா எங்கும் தலைகாட்டிவிடாதபடி பார்த்துப் பார்த்து எழுதினாள். வீட்டில் அம்மா சோறு போடும்போது முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தழும்பிருந்த கை தட்டருகே வந்துவிட்டுப் போகும். அதற்குள் சாப்பாடு இறங்காமல் போய்விடும்.

"உடம்புக்கு என்னட்டி?" என்று தாசம்மாள் கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள்.

கருத்தரங்குக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு ஹர்த்தால் வந்தது. பஸ் இல்லை, கடை இல்லை, ஹோட்டலும் இல்லை. தாசம்மாள் முந்தின நாளே வாங்கி வைத்திருந்த மத்தி மீனைப் பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து சுத்தம் செய்துகொண்டிருந்தாள். காலை பத்து மணி வெயில். பேச்சி புத்தகத்தோடு போய்ப் படியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒரு கதை வாசிக்கட்டுமா?"

"பாடத்துல உள்ளதா? வாசி. சும்மாதானே இருக்கேன்."

தாசம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. பஸ்ஸின் போர்டில் மலையாளத்தில் மூன்று நான்கு ஊர்ப் பெயரை அடையாளம் தெரியும், அவ்வளவுதான். பேச்சி வாசிக்க ஆரம்பித்தாள். செருப்பைப் பையில் முடிந்து மதில்மேல் வைக்கும் இடம் வந்தபோது தாசம்மாள் சிரித்தாள்.

"பாரு, நம்மள மாதிரியே ஒருத்தி."

தழும்பு வந்தபோது மீனை உரசிக்கொண்டிருந்த கை நின்றது. சங்கிலி வந்ததும் எழுந்தாள். கையைக்கூடக் கழுவாமல் வீட்டுக்குள் போய் முன்கதவைச் சாத்திக் கொண்டி போட்டுவிட்டு வந்தாள்.

"யாருட்டி எழுதுனது?"

"பிச்சுமணின்னு ஒருத்தரு."

தாசம்மாள் குழாயடியில் அப்படியே உட்கார்ந்தாள். "சத்தம் போடாத. மெதுவா வாசி" என்றாள்.

பேச்சி கிட்டப் போய், ரகசியம் சொல்வதுபோல மீதியை வாசித்தாள். ஸ்டேஷன் வந்தது, ஷூ வந்தது, வீட்டுக்காரரின் பெருந்தன்மை வந்தது.

"நான் எடுத்தேன்னா எழுதிருக்காரு?"

"ஆமா."

"இத எல்லாரும் படிக்காவளா?"

"எங்க கிளாஸ்ல படிக்கோம்."

"நீ நம்புனியா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். பேச்சிக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு நிமிஷத் தாமதத்தைத் தாசம்மாள் பார்த்தாள். கோபப்படவில்லை. மீன் செதில் ஒட்டிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பதினேழு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னாள்.

காலையிலேயே அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். தரையில் உட்கார வைத்தார்கள். அடிக்கவில்லை. லத்தியை மேஜைமேல் ஓங்கி ஓங்கித் தட்டினார்கள். "ஒத்துக்கோ, இல்லன்னா ஒம் பிள்ளையையும் தூக்கிட்டு வருவோம்" என்றார்கள். அவளுக்குக் காதில் விழுந்ததெல்லாம் அந்தப் பிள்ளை என்ற சொல் ஒன்றுதான். சாயங்காலம் பிச்சுமணி சாமி வந்து ஏதோ சொன்னார், விட்டுவிட்டார்கள். இருபது நாள் கழித்து, ஒரு நாள் மத்தியானம், அந்த வீட்டு மாமி பாகீரதி தனியாக ஆட்டோ பிடித்து மணக்காட்டுக்கு வந்தாள்.

"சங்கிலி தலகாணி உறைக்குள்ள இருந்துருக்குட்டி. எண்ணெ தேய்ச்சுக் குளிக்கப் போகும்போது மாமியே அதுக்குள்ள வச்சுட்டு மறந்துட்டாவ. எங் கையப் பிடிச்சுட்டு அழுதாவ. சாமிகிட்ட சொல்லப் பயம். போலீஸு வரைக்கும் போனப்பொறவு கிடைச்சுதுன்னு சொன்னா அவரு என்ன செய்வாருன்னு பயம். அதக் கொண்டுபோயி பத்மநாப சாமி உண்டியல்ல போட்டுட்டாவளாம். யார்ட்டயும் சொல்லாத தாசம்மா, கேஸு அப்படியே இருக்கு, பேச்சு கிளம்புனா திரும்ப எடுப்பான்னு சொன்னாவ. நான் சத்தியம் பண்ணிக் குடுத்தேன்."

"அந்த ஷூ?"

"அதுவா?" தாசம்மாளுக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றியிருக்கவில்லை. "அது மாமி குடுத்தது. பேத்தி ஜானவிக்கு வாங்கிட்டு வந்தாவ, பத்தல. கடைக்காரன் மாத்தித் தரமாட்டேன்னுட்டான். ஒனக்கு ஆகும்னு தந்தாவ. சங்கிலி போறதுக்கும் முன்னாடி."

பேச்சி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவமானத்திலா, நிம்மதியிலா என்று அவளுக்கே தெரியவில்லை. தாசம்மாள் அழவில்லை. அவளுக்கு வேறு கவலை வந்துவிட்டது. மகளின் மணிக்கட்டை ஈரக் கையால் இறுக்கிப் பிடித்தாள்.

"மாமி செத்து நாலு வருசமாச்சு. ஆனா கேஸு சாகலட்டி. நீ அங்க போயி ஒத்த வார்த்த பேசக்கூடாது. அந்த மனுசன் திரும்பப் போயி எழுதிக் குடுத்தா, இந்த வயசுல என்னால அங்க போயித் தரையில இருக்க முடியாது. பேசமாட்டேன்னு சொல்லு."

"பேசலம்மா" என்றாள் பேச்சி.

கருத்தரங்கு அன்று கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். பிச்சுமணி வெள்ளை வேட்டி சட்டையில், காதில் கருவி மாட்டிக்கொண்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய பேரன் சுமந்த் பக்கத்தில் இருந்தான். பார்ப்பதற்கு நல்ல மனிதராகத்தான் இருந்தார். வந்து வணங்குகிறவர்களுக்கெல்லாம் எழுந்திருக்க முயன்று, முடியாமல் சிரித்தார். அவரை வெறுக்கத் தயாராக வந்திருந்த பேச்சிக்கு அது இன்னும் கலக்கத்தைக் கொடுத்தது.

ஒன்பது பக்கத்தையும் தலை நிமிராமல் வாசித்தாள். கை தட்டினார்கள். காகிதங்களை மடித்தாள். முடிந்துவிட்டது, இறங்கிப் போய் உட்கார்ந்துவிடலாம் என்று ஒரு கால் எடுத்து வைத்தாள்.

"நன்னா எழுதியிருக்காய் கொழந்தே" என்றார் பிச்சுமணி. சுமந்த் ஒலிவாங்கியை அவர் வாயருகே பிடித்தான். "ஆனா எல்லாம் புஸ்தகத்துல உள்ளதைத்தான் சொன்னாய். உனக்கு என்ன தோணித்துன்னு சொல்லவே இல்லையே. சொல்லு, முத்துவை நீ மன்னிச்சியோ?"

அந்தக் கடைசி வார்த்தையை அவர் கேட்காமல் இருந்திருந்தால் பேச்சி இறங்கிப் போயிருப்பாள்.

"முத்து எடுக்கல சார்" என்றாள்.

சிலர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "எடுத்தாள்னுதானே நான் எழுதியிருக்கேன்?"

"எழுதியிருக்கீங்க. ஆனா எடுக்கல. சங்கிலி தலையணை உறைக்குள்ள இருந்தது. அந்த ஷூ மாமி குடுத்தது. ஜானவிக்குப் பத்தலன்னு குடுத்தது."

கதையில் மாமி இல்லை. ஜானவி இல்லை. கூடத்தில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஷைலஜா டீச்சர் பாதி எழுந்து நின்றார். சுமந்துக்கு மட்டும் தன் அக்காவின் பெயர் காதில் விழுந்து, ஒலிவாங்கி பிடித்த கை இறங்கியது.

"நீ யாரு?" என்றார் பிச்சுமணி. ஒலிவாங்கி இல்லாமலே அது எல்லாருக்கும் கேட்டது.

"தாசம்மாளோட மக."

அவர் தண்ணீர் பாட்டிலைத் துழாவினார். அது தட்டுப்பட்டும் எடுக்கவில்லை. சுமந்த் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வெளியே போனான். டீச்சர் ஏதோ சொல்லி நிகழ்ச்சியை முடித்தார். பேச்சி படியிறங்கினாள். ஜிஜி ஓடி வந்து தோளைப் பிடித்தாள்.

"ஜிஜி, எங்கம்மாவ ஜெயிலுக்கு அனுப்பிட்டேன்டீ" என்றாள் பேச்சி.

அடுத்த ஒன்பது நாளும் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. கருத்தரங்கு எப்படி நடந்தது என்று கேட்டபோது, "நல்லாத்தான் நடந்துச்சு" என்றாள். லைன் வீட்டு வாசலில் பைக் நின்றால் எட்டிப் பார்த்தாள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்காமல், அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா ஹோட்டலிலிருந்து வர பத்து நிமிஷம் பிந்தினால், பஸ் நிற்கிற இடம்வரை ஓடிப் போய் நின்றாள். டிபார்ட்மென்ட்டில் ஷைலஜா டீச்சர் அவளை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, முழுவதையும் கேட்டார். "மூணு வருஷமா இந்தக் கதையை நான் அப்படிச் சொல்லியாக்கும் நடத்தறேன்" என்று மட்டும் சொன்னார்.

ஆறாம் நாள் மாளவிகா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் வீடும் கோட்டைக்குள்தான், பிச்சுமணியின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி.

"அவர் யாரோடயும் பேசறதில்லையாம்டீ. நேத்திக்குச் சுமந்தைக் கூட்டிண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாராம். எங்க அம்மா பார்த்தாளாம்."

பேச்சி அன்று வகுப்பில் உட்கார முடியாமல் வீட்டுக்கு வந்தாள். பணகுடிக்குப் போய்விடலாமா, அங்கே அப்பாவின் தங்கை வீட்டில் அம்மாவைக் கொஞ்ச நாள் வைத்திருக்கலாமா என்று யோசித்தாள். என்ன காரணம் சொல்லிக் கூட்டிப் போவது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலை, தாசம்மாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வெள்ளை வேட்டியும், பிடித்துக்கொண்டு இறங்குகிற இளைஞனும் தெரிந்தார்கள். தாசம்மாளுக்கு அந்த முகத்தை அடையாளம் தெரிய ஒரு விநாடிகூட ஆகவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பேச்சி இன்றைக்கும் மறக்கவில்லை. பிறகு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

பிச்சுமணி உள்ளே வந்து, காட்டிய நாற்காலியில் உட்காராமல் நின்றார். மூச்சு வாங்கியது.

"தாசம்மாள் இல்லையா?"

சாத்தியிருந்த குளியலறைக் கதவை அவர் பார்த்தார். புரிந்துகொண்டார். அந்தக் கதவைப் பார்த்தே பேசினார்.

"பாகீரதி அந்த வருஷத்துக்கப்புறம் கழுத்துல சங்கிலி போட்டுக்கவே இல்லை. புதுசா பண்ணித் தரேன்னு எத்தனையோ தடவை சொன்னேன். வேண்டாம் வேண்டாம்னு சொல்லிண்டு, நான் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போயிடுவாள். போனது போனதுன்னு வருத்தமாக்கும்னு நினைச்சேன். என்கிட்ட பயந்துண்டு இருந்திருக்காள். எனக்கு இப்போதான் தெரியறது. ஸ்டேஷனுக்குப் போனேன். கேஸ் எதாவது பாக்கி இருந்தா நானே எழுதிக் கொடுத்து முடிச்சுடலாம்னு போனேன். அவா பழைய ரிஜிஸ்டரெல்லாம் பார்த்தா. ஒண்ணும் இல்லை. எனக்கும் அப்போதான் ஞாபகம் வந்தது. நான் புகாரே எழுதிக் கொடுக்கலை. அப்போ இருந்த எஸ்.ஐ. எனக்கு வேண்டியவன். கூப்பிட்டு வச்சுச் சும்மா கொஞ்சம் பயமுறுத்துன்னு வாயால சொன்னதுதான். அவ்வளவுதான் நடந்தது."

குளியலறைக்குள் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. பக்கெட்டில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

"அவளை வெளியில வரச்சொல்லு கொழந்தே. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன்."

பேச்சி கதவருகே போய், "அம்மா" என்றாள்.

"போகச் சொல்லு" என்றாள் தாசம்மாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே அது நன்றாகவே கேட்டது.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். யாரை என்று தெரியவில்லை. ஆட்டோ போன பிறகும் வெகுநேரம் தாசம்மாள் வெளியே வரவில்லை. வந்தபோது சேலை முழுக்க நனைந்திருந்தது. மகளைத் திட்டுவாள் என்று பேச்சி காத்திருந்தாள்.

"அப்போ கேஸே கிடையாதாட்டி?"

"கிடையாதும்மா."

"எழுதவே இல்லையா?"

"இல்ல."

"பதினேழு வருசம்" என்றாள் தாசம்மாள். உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, வேறு சேலை மாற்றிக்கொண்டு, நேரம் போய்விட்டது என்று வேலைக்குக் கிளம்பினாள். ஓடைப்பக்கத்துச் சந்து வழியாகத்தான் போனாள், பெரிய ரோட்டில் ஜீப் நிற்கும் என்று. கேஸ் இல்லை என்பது தெரிந்த பிறகும் கால் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. இன்றைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை.

பிச்சுமணி அந்தக் கதையைப் பாடத்திலிருந்து எடுத்துவிடும்படி துறைக்குக் கடிதம் எழுதினார். ஷைலஜா டீச்சர் பேச்சியிடம் கேட்டார். எடுக்க வேண்டாம், அதோடு சேர்த்து நடந்ததையும் சொல்லிக்கொடுங்கள் என்றாள் பேச்சி. அம்மாவின் பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். அதற்குள் அந்தப் பெயர் கோட்டைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. ஒரு வீட்டிலிருந்து தாசம்மாளை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டு ஆள் வந்தது. அவள் போகவில்லை.

பேச்சி இப்போது அதே துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கிறாள். கதைகளில் வரும் வேலைக்காரப் பெண்களைப் பற்றிய ஆய்வு. நூலகத்தில் பாதி வேலை. மீதி வேலைக்கு மணக்காட்டிலும் சாலை பஜார் பக்கத்திலும் வீட்டுவேலை பார்க்கிற பெண்களிடம் போகிறாள். அந்தக் கதைகளை வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்கிறாள். ஒவ்வொரு தடவையும் புத்தகத்தைப் பிரிக்கும்போது எதிரே இருக்கிறவள் எந்த வரியில் கையை நிறுத்துவாளோ, எழுந்துபோய்க் கதவைச் சாத்துவாளோ என்று இருக்கிறது.

போன மாதம் கரமனையில் ஒரு பெண், துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே, அவள் வாசிக்கத் தொடங்கும் முன்பே கேட்டாள்.

"ஏ பிள்ள, இதுல நான் இருக்கேனா?"

தெரியாது என்று பேச்சி உண்மையைச் சொன்னாள். அந்தப் பெண் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"சரி, வாசி" என்றாள். "கதவு மட்டும் தொறந்து இருக்கட்டும்."